சிகரெட் பெட்டிக்குள் சிப்பாய்



சில நாட்களுக்கு முன் நாம் சாத்தூருக்குப் போயிருந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய ஒரு தோழர் வீட்டில் தங்க நேர்ந்தது. இரவு சாப்பாடு முடிந்ததும் அவர் பரண்மேலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி நம் முன் வைத்துத் திறந்தார். அதில் ஒரு பக்கம் பழைய தீப்பெட்டி லேபிள்கள். மற்றொரு பக்கம் நூலால் கட்டிய ஒரு கட்டு சிறு அட்டைகள். அட்டை ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இராது. ஒன்றில் தலைப்பாகை கட்டிய இந்தியச் சிப்பாய், இன்னொன்றில் குதிரைமேல் ஈட்டி பிடித்த வீரன், மற்றொன்றில் மார்பில் பதக்கம் தொங்கும் வெள்ளைக்காரத் தளபதி என்று இப்படியே போயிற்று.

“எங்கள் தாத்தா 1914ஆம் வருஷத்து யுத்தத்துக்குப் போய் உயிரோடு திரும்பியவர். இவை சிகரெட் பெட்டிக்குள் இனாமாக வந்தவையாம். சிறு வயதில் நாங்கள் பேரப் பிள்ளைகள் இதற்காக அடித்துக்கொள்வோம். இப்போது இவற்றை நல்ல விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பையன் சொல்லுகிறான். விற்றுவிடலாமா, வைத்திருக்கலாமா? ஐயா என்ன நினைக்கிறீர்கள்?” என்று தோழர் கேட்டார்.

சந்தையில் இவை என்ன விலைக்குப் போகும் என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. ஆனால், அவர் வாயிலிருந்து வந்த “இனாம்” என்ற வார்த்தைதான் நம்மை யோசிக்கச் செய்தது. முதலாளி ஒருவன் இலாபத்தை விட்டுவிட்டு ஊர்ப் பிள்ளைகளுக்குப் படம் தர்மம் செய்தான் என்று யாராவது சொன்னால், அதை நம்ப நம் பகுத்தறிவு இடங்கொடுக்கிறதா? அப்படியானால் இந்தப் படத்தின் உண்மை விலை என்ன? அதைக் கொடுத்தவன் யார்? இதைத்தான் நாம் விசாரிக்க வேண்டியதாயிருக்கிறது.

இந்தப் படச்சீட்டுகள் பிறந்தது அமெரிக்காவில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சிகரெட்டைக் கையால்தான் சுருட்டினார்கள். வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்து ஆலன் அண்டு ஜின்டர் கம்பெனியில் இளம் பெண்கள் வரிசையாய் உட்கார்ந்து நாளெல்லாம் சுருட்டுவார்கள். சிகரெட் வைத்த உறை மெல்லிய காகிதம் ஆனபடியால் சட்டைப் பையில் நசுங்கிப் போகும். நசுங்காமலிருக்க ஒரு அட்டைத் துண்டை உள்ளே செருகினார்கள். வெறும் அட்டையில் ஏன் ஒரு படத்தை அச்சடிக்கக்கூடாது என்று பிறகு யோசித்தார்கள். இதுதான் படச்சீட்டின் பூர்வோத்தரம்.

இதற்கிடையில் ஜேம்ஸ் பான்சாக் என்னும் வாலிபர் சிகரெட் சுருட்டும் யந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து 1881இல் உரிமை பெற்றார். கையால் சுருட்டுகிறவர் நாளொன்றுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுருட்டினால் அந்த யந்திரம் ஒரு லட்சத்து இருபதினாயிரம் வரை சுருட்டித் தள்ளிற்று. டர்ஹாம் நகரத்து டியூக் கம்பெனி 1884இல் அதைக் கொண்டுவந்து வைத்தது. அதுவரை சுருட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்த முதலாளிக்கு, அன்று முதல் குடிப்பதற்கு ஆள் தேடும் வேலை வந்து சேர்ந்தது. சோறு தின்னும்படி யாரையும் விளம்பரம் செய்து அழைக்கத் தேவையில்லை, பசியே அழைக்கும். ஆனால் புகைக்குப் பசி கிடையாது; அந்தப் பசியை முதலாளிதான் உண்டாக்க வேண்டும். அதற்காக டியூக் கம்பெனி 1889ஆம் ஆண்டில் மட்டும் விளம்பரத்துக்கென்று ஏறக்குறைய 8 லட்சம் டாலர் செலவழித்தது. அந்த விளம்பரத்தில் ஒரு முக்கியமான கருவிதான் நம் தோழர் இனாம் என்று சொன்ன இந்தப் படச்சீட்டு.

இதிலுள்ள தந்திரத்தைக் கவனியுங்கள். ஒரு வரிசைக்கு ஐம்பது படம் என்று வைத்துக்கொண்டு, பெட்டிக்கு ஒன்றாகப் போட்டார்கள். ஐம்பதும் சேர வேண்டுமானால் குறைந்தது ஐம்பது பெட்டி வாங்க வேண்டும். வந்த படமே திரும்பத் திரும்ப வருமாதலால் நூறு பெட்டி வாங்கினாலும் வரிசை முடியாது. பையன்கள் கடை வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் படம் கேட்டுப் பிச்சை எடுத்தார்கள். கொடுப்பார் இல்லாதபோது தாங்களே பெட்டியை வாங்கினார்கள். படத்துக்காக வாங்கிய பெட்டியில் சிகரெட்டும் இருக்கிறது. அதைப் பையன் எறிந்துவிடுவானா, வாயில் வைத்துப் பார்ப்பானா என்று கேட்கின்றோம்.

நிற்க, என்னென்ன படங்களைப் போட்டார்கள் என்று பார்ப்போம். நடிகைகளைப் போட்டார்கள், பந்தாட்டக்காரர்களைப் போட்டார்கள். நடிகைப் படங்களைக் கண்டு டியூக் கம்பெனியை ஸ்தாபித்த கிழவர் வாஷிங்டன் டியூக்கே மனம் பொறாமல், இவை வாலிபர்களைக் கெடுக்கின்றன என்று 1894இல் தம் மகனுக்குக் கடிதம் எழுதினார். ஆனால் பட்டாளத்துப் படங்களைப் பற்றி அவருக்கு அப்படியொரு கவலை வந்ததாகக் காணோம். ஆலன் அண்டு ஜின்டர் கம்பெனி 1887இல் உலகத்து ஆயுதங்களையெல்லாம் ஒரு வரிசையாக வெளியிட்டது. நியூயார்க்கிலிருந்த கின்னி சகோதரர்கள் கம்பெனி ராணுவ உடுப்புகளை மட்டும் அறுநூறுக்கு மேற்பட்ட படங்களாக வெளியிட்டது. அந்தக் கம்பெனியின் சிகரெட்டுக்கே ‘ஸ்வீட் கேபரல்’ என்று பெயர். கேபரல் என்பது பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒரு உத்தியோகத்தின் பெயர். சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு படி மேல். ஆகப் பெட்டிக்கு வெளியே பெயரிலும் பட்டாளம், உள்ளே படத்திலும் பட்டாளம்!

டியூக் கம்பெனி 1888இல் தளபதிகளின் சரித்திரம் என்று ஐம்பது சிறு புத்தகங்களைப் போட்டது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட யுத்தத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நீக்ரோ மக்களை அடிமைகளாக வைத்திருக்கலாமா கூடாதா என்பதே அந்தச் சண்டையின் அடிப்படை. டியூக் கம்பெனியோ அடிமைத்தனத்தைக் காக்கப் போராடிய தளபதியையும், அதை ஒழிக்கப் போராடிய தளபதியையும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டு இரண்டு பக்கத்தாரிடமும் காசு வாங்கிற்று. எது நியாயம் என்ற கேள்வியே அந்தப் படத்தில் எழ வழியில்லை. மீசையும் பதக்கமுமே அங்கே யோக்கியதை.

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. ஆலன் அண்டு ஜின்டர் கம்பெனி 1888இல் அமெரிக்கப் பூர்வ குடிகளின் தலைவர்கள் ஐம்பது பேர் படத்தை வெளியிட்டது. அவர்களில் ஒருவர் சிட்டிங் புல் என்பவர். தம் மக்களின் நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள வந்த பட்டாளத்தை எதிர்த்து நின்றவர். சிகரெட் பெட்டியில் இறகு சூட்டி அலங்கரித்து அவரை விற்றார்கள். 1890 டிசம்பர் 15ஆம் தேதி, கைது செய்ய வந்த போலீசார் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவனுடைய நிலத்தையும் உயிரையும் பறித்துக்கொண்டு, அவன் முகத்தையும் புகைக்கு விளம்பரமாக்கிக் காசாக்குவது என்றால் இதை எதில் சேர்ப்பது?

அமெரிக்காவில் கண்ட இந்தத் தந்திரத்தை இங்கிலாந்துக்காரர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் கம்பெனி 1895இல் கப்பல்களும் மாலுமிகளும் என்ற வரிசையைத் தொடங்கிற்று. அதே கம்பெனியின் ‘சிசர்ஸ்’ என்னும் கத்திரிக்கோல் மார்க் சிகரெட்டுதான் இந்தியாவிலிருந்த பட்டாளத்தாரிடையே விற்றது. 1910இல் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா கல்கத்தாவில் ஏற்பட்டது. அதுதான் பெயர் மாறி 1974 முதல் ஐ.டி.சி. என்றாயிற்று. 1912 வாக்கில் சிசர்ஸ் பெட்டிக்குள் இந்தியப் படைப்பிரிவுகளின் படவரிசை வந்தது. இரண்டு வருஷத்துக்குள் யுத்தம் வந்தது. அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 74 ஆயிரம் பேர் வரை மாண்டார்கள். நம் சாத்தூர்த் தோழரின் தாத்தா திரும்பி வந்தார்; திரும்பாதவர்களுக்குப் படந்தான் மிச்சம்.

இந்தச் சீட்டுகளை ஏழைகளின் கலைக்களஞ்சியம் என்று புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத பிள்ளைகள் இவற்றின் பின்பக்கத்தைப் படித்துத்தான் கப்பலையும் பறவையையும் தூர தேசங்களையும் தெரிந்துகொண்டார்கள் என்று சொல்லுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வியாபாரி வாத்தியாராக வந்தால், எதைச் சொல்லலாம் எதை மறைக்கலாம் என்பதை லாபமே தீர்மானிக்கும். இதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். வாட்டர்லூ என்ற இடத்தில் இங்கிலாந்துக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களை முறியடித்தது 1815இல். அதன் நூறாவது வருஷமாகிய 1915இல் வில்ஸ் கம்பெனி அந்த யுத்தத்தைப் படவரிசையாகத் தயாரித்தது. அதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் யுத்தத்தில் நேசக்காரர்களாகிவிட்டபடியால், அவர்கள் மனம் புண்படுமே என்று அந்த வரிசையை வெளியிடாமலே நிறுத்திவிட்டார்கள். நூறு வருஷமாக வீரம் என்று சொல்லப்பட்டது ஒரே நாளில் பெட்டிக்குள் வைக்கத் தகாததாகிவிட்டது. இதற்குப் பெயர் சரித்திரமா, சவுகரியமா?

ஜெர்மனியில் இது எங்கே கொண்டுபோய்விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே சிகரெட் கம்பெனிகள் பெட்டியோடு கிடைக்கும் அத்தாட்சிச் சீட்டுகளைச் சேர்த்து அனுப்பினால் படங்கள் கொடுத்தன. அவற்றை ஒட்டுவதற்கு ஆல்பமும் தயாரித்தன. 1936இல் வந்த ஆல்பம் ஒன்றின் பொருள் ஹிட்லரின் வாழ்க்கை. குழந்தைகளைக் கொஞ்சும் ஹிட்லர், நாயோடு நிற்கும் ஹிட்லர், பட்டாளத்தைப் பார்வையிடும் ஹிட்லர் என்று படம் படமாய் வீட்டுக்குள் போயிற்று. அப்பன் புகை குடித்தான்; பிள்ளை படம் ஒட்டினான். மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளைகளில் வயது வந்தவர்கள் துப்பாக்கியோடு போலந்துக்குள் புகுந்தார்கள். சிகரெட் படந்தான் யுத்தத்தை உண்டாக்கிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. யுத்தத்தைப் பண்டிகையாக எண்ணும் மனத்தைத் தயாரித்த சாதனங்களில் அதுவும் ஒன்று என்றுதான் சொல்லுகின்றோம்.

ஆகவே தோழர்களே, இந்தப் படச்சீட்டின் முன்பக்கத்தைப் பார்த்தது போதும். பின்பக்கத்தில் எழுதாமல் விட்டது என்ன என்று பாருங்கள். சிப்பாயின் உடுப்புக்குப் பக்கத்தில் அவனுடைய சம்பளம் எழுதியிருக்கிறதா? கால் போனவனுக்கு எவ்வளவு பென்ஷன் என்று எழுதியிருக்கிறதா? யாரைக் கொல்ல, யாருக்காக அவன் அனுப்பப்பட்டான் என்று இருக்கிறதா? அதுபோலவே, கூட வந்த சிகரெட் நெஞ்சை என்ன செய்யும் என்று ஒரு வரி உண்டா? புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தை டால், ஹில் என்ற இரு ஆராய்ச்சிக்காரர்கள் 1950இல் இங்கிலாந்தில் எடுத்துக்காட்டினார்கள். இன்று இந்தியாவில் வருஷந்தோறும் 13 லட்சம் பேர் வரை புகையிலையால் சாகிறார்கள். எந்த யுத்தத்திலும் நம் சிப்பாய்கள் இவ்வளவு பேர் மாண்டதில்லை. ஆனால் இந்தச் சாவுக்குப் பதக்கமும் இல்லை, படமும் இல்லை.

இதையெல்லாம் சாத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. லேபிளின் மர்மம் இந்தப் பக்கத்து மக்களைப்போல் வேறு யாருக்குத் தெரியும்? 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதுமுதல் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுவதும் தீப்பெட்டி ஆபீசும், அச்சாபீசும், பயர் ஆபீசுமாகப் பெருகிற்று. ஒரே கட்டை, ஒரே மருந்து. ஆனால் ஒன்றில் புலி, ஒன்றில் கப்பல், ஒன்றில் சாமி. படம் மாறினால் குச்சியின் சுடர் மாறிவிடுமா? மாறாது என்பது கட்டை அடுக்கிய ஒவ்வொரு பெண்ணுக்கும், பெட்டி ஒட்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளின் கைகள் படாதபாடு பட்ட பிறகுதான் 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது; 1996இல் சுப்ரீம் கோர்ட், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென்று சிவகாசி வழக்கிலேயே தீர்ப்பளித்தது. லேபிளில் சிரிக்கும் குழந்தையைப் போட்ட நாட்டில் லேபிள் ஒட்டும் குழந்தையைக் காப்பாற்ற இத்தனை காலம் ஆயிற்று!

பட்டாசையும் பாருங்கள். லட்சுமி படத்தைச் சுற்றி வெடி செய்து, அதைக் கொளுத்திச் சிதறடித்து, துண்டுகளைக் காலால் மிதித்துவிட்டு, மறுபடியும் வீட்டுக்குள் போய் அதே லட்சுமிக்குச் சூடம் காட்டுகிறோம். படத்தில் சக்தி இருக்கிறதென்றால் கொளுத்தலாமா? இல்லையென்றால் கும்பிடலாமா? இன்னொரு வெடிக்கு ‘ஆட்டம் பாம்’ என்று பெயர் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். 1945 ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமாவில் போட்ட அணுகுண்டு அந்த வருஷ முடிவுக்குள் ஒரு லட்சத்து நாற்பதினாயிரம் பேர் வரை கொன்றது. அதன் பெயர் இங்கே பத்து வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு! வெடி என்றால் என்ன என்று சாத்தூருக்குத் தெரியாதா? 2021 பிப்ரவரி 12இல் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு விபத்தில் இருபது பேருக்குக் குறையாமல் மாண்டதை மறந்துவிட்டோமா? மருந்தோடு பிழைக்கிற மக்களே அழிவின் பெயரை விளையாட்டாக்குவது பொருத்தமா என்று கேட்கின்றோம்.

“லேபிளைக் குறை சொன்னால் எங்கள் பிழைப்பு என்னாவது? பீடி, சிகரெட் குடிக்கிறவன் இல்லாவிட்டால் தீப்பெட்டியை யார் வாங்குவது?” என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்விதான். தீப்பெட்டி அடுப்புக்கும் விளக்குக்கும் வேண்டிய பண்டம். அதற்கு நாம் விரோதி அல்ல. லேபிளும் வேண்டியதுதான், எந்த ஆபீஸ் சரக்கு என்று அடையாளம் தெரிய வேண்டுமல்லவா? அடையாளம் வேறு, மயக்கம் வேறு. சாத்தூர்க் காராசேவு வாங்குகிறவர் பொட்டலத்தின் மேலுள்ள படத்தைப் பார்த்தா வாங்குகிறார்? நாலு எடுத்து வாயில் போட்டு, எண்ணெய்க் காறல் இல்லை, உறைப்புச் சரி என்று கண்டுகொண்டுதானே நிறுக்கச் சொல்லுகிறார்? சேவுக்கு உள்ள அந்த நாக்குப் பரீட்சையை மற்ற பண்டங்களுக்கு மூளையைக் கொண்டு செய்யுங்கள் என்பதுதான் நமது வேண்டுகோள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். 2003ஆம் வருஷத்துச் சட்டப்படி சிகரெட் விளம்பரம் கூடாது; 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கக்கூடாது; பள்ளிக்கூடத்துக்கு நூறு கஜத்துக்குள்ளும் விற்கக்கூடாது. 2009 முதல் பெட்டியின்மேல் எச்சரிக்கைப் படம் வந்தது. 2016 முதல் அது பெட்டியின் முகத்தில் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகப் பொய் சொன்ன பெட்டி இப்போதுதான் உண்மைப் படம் தாங்கி வருகிறது. ஆனால் நம் ஊர்ப் பெட்டிக்கடையில் நடப்பதென்ன? பெட்டி கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. சிகரெட் மட்டும் ஒற்றை ஒற்றையாகக் கைமாறுகிறது. அன்று சிகரெட்டோடு பொய்ப் படம் கட்டாயமாய் வந்தது. இன்று உண்மைப் படம் வாங்குகிறவன் கண்ணில் படுவதே இல்லை. பெட்டி வாங்கக் காசில்லாத பையன்தான் ஒற்றை சிகரெட்டை வாங்குகிறவன். எச்சரிக்கை யாருக்கு வேண்டுமோ அவனுக்கு மட்டும் அது கிடைப்பதில்லை. இதைக் கண்டுதான் மகாராஷ்டிரத்தில் 2020இல் சில்லறை சிகரெட் விற்பனையைத் தடுத்தார்கள். இங்கேயும் அதுபோல் தடுக்க வேண்டும். சர்க்கார் செய்யும்வரை காத்திராமல், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலுள்ள கடைக்காரர்களிடம் நம் தோழர்கள் மரியாதையாய்ப் போய்ப் பேசலாம். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான், சொன்னால் கேட்பார்கள்.

சாத்தூர்த் தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்: “அந்தச் சீட்டுகளை விற்கவும் வேண்டாம், பெட்டியில் பூட்டவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாய் ஒட்டி மாட்டுங்கள். பக்கத்தில் இன்றைய சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தையும் ஒட்டுங்கள். கீழே ஒரு காகிதத்தில், இந்தச் சிப்பாய் எந்த யுத்தத்துக்குப் போனான், எத்தனை பேர் திரும்பவில்லை, இந்தப் பெட்டியை விற்றவன் என்ன சம்பாதித்தான் என்பதை எழுதி வையுங்கள். உங்கள் தாத்தா உயிரோடு வந்து சொன்னவற்றையும் ஞாபகமிருக்கிறவரை எழுதுங்கள்.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “தாத்தா பட்டாளத்தைப் பற்றிப் பேசவே மாட்டார், ஐயா. படத்தை மட்டுந்தான் கொடுத்தார்” என்றார். அதையும் எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.